திருப்பான்மலையில் ஓர் அரசியின் விண்ணப்பம்

ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்திற்கு அருகில், இன்று பஞ்சபாண்டவர் மலை என வழங்கும் குன்று ஒன்று உள்ளது. பாண்டவர்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சமண முனிவர் உறைந்த குகைகளையும் கற்படுக்கைகளையும் கண்ட இடங்கள் பலவற்றிற்கும் பிற்காலத்தார் அப்பெயரையே சூட்டிவிட்டனர். கல்வெட்டுகளில் இக்குன்றின் பெயர் திருப்பான்மலை. செல்வமுடையார் அறஞ்செய்யக் கடமைப்பட்டவரா, அன்றி அது அவர்தம் விருப்பத்தைப் பொறுத்ததா என்னும் பழைய கேள்விக்கு, இம்மலைப் பாறையில் உள்ள சாசனம் ஒன்று எதிர்பாராத திசையிலிருந்து விடை தருகிறது.

அது முதலாம் இராசராச சோழனின் 8-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 992-93. சோழர்க்கு அடங்கி இப்பகுதியை ஆண்டவன் புகழ்விப்பவர் கண்டனின் மகனான இலாடராயன் வீரசோழன். அவன் திருப்பான்மலைத் தேவரைத் தொழுது எழுந்தருளியிருந்தபோது, அவனுடைய தேவி இலாடமாதேவியார் ஒரு விண்ணப்பம் செய்தார். கூறகன்பாடி என்னும் ஊர் இம்மலைப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக விடப்பட்டிருந்தது. அவ்வூரின் வருவாயில் கற்பூரவிலை என்னும் இறையை முன்னாள் இலாட அரசர்கள் தாமே கொண்டுவந்தனர். அதனால் பள்ளியின் அறம் கெட்டுப்போகிறது. ஆகவே அதனையும், அந்நியாய வாவதண்ட இறை எனப்பட்ட மற்றொன்றையும் ஒழித்தருள வேண்டும் என்பது தேவியாரின் வேண்டுகோள். அரசன் இசைந்தான். இரண்டையும் ஒழித்தோம் என்று அவன் அருளிய சொல் பாறையில் ஏறியது.

இதனை வீரசோழனின் கொடை என்று எழுதிச் செல்வது எளிது. ஆயினும் அச்சொல் இங்கு முழுதும் பொருந்துமா? அவன் தன் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுத்து வைக்கவில்லை. பள்ளிக்குச் சேர வேண்டியதைக் கொள்ளாது விட்டான், அவ்வளவே. சாசனம் கூறும் காரணமும் அவனுடைய வள்ளன்மை அன்று, அவன் முன்னோரின் செயலால் அறத்திற்கு நேர்ந்த கேடு. வீரசோழனைக் குறை கூறவும் இடமில்லை. தான் தொடங்காத ஒன்றையே அவன் நிறுத்தினான். தலைமுறை தலைமுறையாக வந்துசேரும் வருவாய் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. அது யாருடையது என்று கேட்க, அருகிலிருந்த ஒருவருக்குத் துணிவு வேண்டியிருந்தது.

இல்லறத்தார்க்குச் சமணம் வகுத்த 12 விரதங்களின் அமைப்பை இச்செய்தியோடு வைத்துப் பார்க்கலாம். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் இல்லங்களுக்கு அந்நியமானவை அல்ல. அவற்றின் வைப்புமுறையில் கள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையும் அணுவிரதங்கள் ஐந்தனுள் முன்னரே வந்துவிடுகின்றன. தானம் இடம்பெறும் வையாவிருத்தியமோ சிட்சாவிரதங்களின் இறுதியில், பன்னிரண்டாவதாக நிற்கிறது. பிறர் பொருளைக் கொள்ளாமை முதலில். தன் பொருளுக்கு வரம்பிடுதல் அடுத்து. ஈதல் அதன் பின்னர். இவ்வரிசை தற்செயலானது என்று கருத இயலவில்லை. கோயில் நிலத்தின் குத்தகையைப் பல பருவங்கள் நிலுவையில் வைத்துக்கொண்டு, விழா நாளில் நன்கொடையாளர் பட்டியலில் பெயர் காணும் ஒருவர், பன்னிரண்டாம் விரதத்தைக் கைக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டவராகிறார்.

கடமையென்று ஆகிவிட்டால் தானத்தின் தூய்மை கெடாதோ என்று சிலர் வினவுவர். விரதம் என்பது ஒருவர் தாமே மேற்கொள்வது. அரசாணையோ ஊர்க் கட்டுப்பாடோ அதனைத் தர இயலாது. ஆனால் மேற்கொண்ட பின் அது விருப்பத்தைப் பொறுத்ததாக இராது. உண்ணாநோன்பை மேற்கொண்டவர் நடுப்பகலில் உண்பது தம் விருப்பம் என்று வாதிடுவதில்லை அல்லவா?

வலுவான தடை வேறொன்று உண்டு. பொருளுக்கு வரம்பிடுக என்று விதித்த ஆசாரியர்கள் வரம்பு இவ்வளவு என்று எண் எதுவும் குறிக்கவில்லை. அதனை வகுப்பவர் செல்வரே. எட்டமுடியாத உயரத்தில் வரம்பை வைத்துக்கொண்டு, விரதமும் காத்தேன், ஈவதற்கு மிகுதியும் இல்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். நூலளவில் இதற்கு மறுப்புக் காண்பது அரிது. இலாடமாதேவியாரைப் போல மனையில் இருந்தே வினவுவார் ஒருவர் அமைந்தாலன்றி அவ்வரம்பு இறங்குவதில்லை.

செல்வரைப் பற்றியே பேசினால் இப்பகுதியின் வரலாறு பாதிதான் சொன்னதாகும். அருகிலுள்ள விளாப்பாக்கத்துக் கல்வெட்டு, முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது, ஏறத்தாழ கி.பி. 945. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியரான பட்டினிக் குரத்தியடிகள் ஒரு கிணறு எடுப்பித்த செய்தியை அது கூறுகிறது. துறவு பூண்ட பெண்மணி அவர். அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பு இருபத்துநால்வர் என்னும் குழுவினரிடம் இருந்தது.

போளூரை அடுத்த திருமலையிலும் இத்தகைய செய்தி உண்டு. அங்குள்ள ஜினாலயம் சோழ இளவரசி குந்தவையின் பெயரைத் தாங்கியது. ஆனால் முதலாம் இராசேந்திரனின் ஆட்சிக்காலத்தில் அங்கு நந்தாவிளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்தவர் சாமுண்டப்பை என்பவர். நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி. முதலைக் குறைக்காமல் அதன் பயனைக் கொண்டு விளக்கெரிப்பதே அக்கால விளக்குக்கொடைகளின் பொது வழக்கம். அளித்தவர் ஒருமுறை அளித்தார். நாள்தோறும் திரியிடும் கடமை பெற்றவர் கைக்கு மாறியது. நந்தாவிளக்குகள் அணைந்த வரலாற்றில் ஈயாத செல்வரின் பங்கு மட்டுமன்றி, பெற்றதைப் பேணாத பொறுப்பாளரின் பங்கும் இருக்கவே செய்யும்.

வீரசோழன் இதனை அறிந்திருந்தான் போலும். கற்பூரவிலையையும் மற்ற இறையையும் மீண்டும் கொண்டு இப்பள்ளிச்சந்தத்தைக் கெடுப்பவன், கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்யப்பட்ட பாவங்களையெல்லாம் கொள்வான் என்று சாசனத்தின் இறுதிப் பகுதி சபிக்கிறது. ஊர்க்குடிகளுக்கோ பள்ளியின் துறவியர்க்கோ அவ்விறையைத் தண்டும் அதிகாரம் இல்லை. அச்சாபத்திற்கு முதலில் அஞ்ச வேண்டியவர்கள், அவனுக்குப் பின் அவ்விருக்கையில் அமரவிருந்த அவனுடைய சொந்த வழித்தோன்றல்களே.