ரூர்க்கி கல்லூரியும் உடைந்த அணைகளும்

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய நோட்டு கையில் கிடைத்தது. பாலிடெக்னிக்கில் பாசனப் பொறியியல் நடத்திய நாட்களில் எழுதியது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. முதல் பக்கத்தில் நான்கு பெயர்கள்: கென்னடி, லேசி, பிளை, கோஸ்லா.

சிவில் படித்தவர்களுக்கு இந்த நால்வரையும் மறக்க முடியாது. பரீட்சைக்கு முந்தின இரவு நம் தூக்கத்தைக் கெடுத்தவர்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அவர்களைச் சூத்திரங்களாகத்தான் தெரியும். அந்தச் சூத்திரங்களுக்குப் பின்னால் அரித்துப்போன கால்வாய்களும் உடைந்த அணைகளும் உண்டு. உடைந்ததை மறைக்காமல் எழுதி, அச்சிட்டு, அடுத்தவருக்குக் கொடுத்த ஒரு வழக்கமும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கடைசியில் என் கதை ஒன்றும் வரும். அது அவ்வளவு பெருமையான கதை அல்ல.

ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தொடங்கியது 1847-இல். கங்கைக் கால்வாய் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். ஊருக்குப் பக்கத்திலேயே சோலானி ஆற்றின் மேல் கால்வாயைக் கொண்டுபோகும் பெரிய பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வேலைக்கு ஆட்களைப் பழக்க வேண்டுமே, அதற்காகப் பிறந்த கல்லூரி அது. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தை விடப் பெரிய பாடம் வாசலுக்கு வெளியே கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆதரித்த கவர்னர் தாம்சனின் பெயர் பிற்பாடு கல்லூரிக்கு வந்தது.

கால்வாயைக் கட்டிய புரோபி காட்லி 1854-இல் அதில் தண்ணீர் விட்டார். சில வருஷங்களிலேயே குறை தெரிந்தது. படுகையின் சரிவு அதிகம். தண்ணீர் வேகமாக ஓடி மண்ணை அரித்தது. இங்கே நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒருவர் நுழைகிறார்: ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணையும் கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையும் கட்டியவர். அவர் கங்கைக் கால்வாயின் குறைகளை வெளிப்படையாக எழுதினார். காட்லியும் விடவில்லை, பதில் எழுதினார். 1860-களின் தொடக்கத்தில் இருவருடைய வாதமும் அச்சில் வந்தது. சண்டை கசப்பானதுதான். ஆனால் ஒரு பெரிய கால்வாயின் தவறு எங்கே என்று படிக்க விரும்பிய எவரும் படிக்க முடிந்தது. பிறகு அரசாங்கம் கால்வாயை ஆராயச் சொல்லித் திருத்த வேலைகளையும் செய்தது.

அதே சமயத்தில் ரூர்க்கி கல்லூரி முதல்வராக இருந்தவர் மேஜர் மெட்லி. அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். நாடெங்கும் பாலம், கால்வாய், சாலை, கட்டடம் என்று வேலை பார்க்கும் இன்ஜினியர்களிடமிருந்து, அவரவர் கட்டியதைப் பற்றிக் கட்டுரைகளை வாங்கி, 1863 முதல் கல்லூரியின் சொந்த அச்சகத்திலேயே தொகுதி தொகுதியாக அச்சிட்டார். இந்தியப் பொறியியல் பற்றிய தொழிற்கட்டுரைகள் என்று அதற்குப் பெயர். பிள்ளைகளுக்காக ரூர்க்கி சிவில் பொறியியல் நூல் என்று ஒரு பெரிய பாடநூலையும் அவர் தொகுத்தார். இங்கிலாந்துப் புத்தகத்தில் நம் ஊர் மணலும் வெள்ளமும் சுண்ணாம்பும் இருக்காது. ஒரு மூலையில் ஒருவர் பட்ட அனுபவம், இன்னொரு மூலையில் வகுப்பறைக்கு வந்து சேர இது ஒரு வழியாயிற்று.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்தத் தொகுதிகளில் எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார அதிகாரிகள். மண் சுமந்தவர், கல் அடுக்கிய மேஸ்திரி பெயரெல்லாம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுக்காரர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பார்த்துப் படித்த பள்ளிக்கூடம் நம் கல்லணை. அதைக் கட்டியவர்கள் எழுதி வைக்கவில்லை. அணையையே வைத்துவிட்டுப் போனார்கள்.

இனி அந்த நால்வர். கென்னடி பஞ்சாபில் மேல் பாரி தோவாப் கால்வாயில் வேலை பார்த்தவர். வண்டலும் படியாமல், கரையும் அரிக்காமல் பல வருஷம் ஒரே நிலையில் நின்ற இடங்களைத் தேடிப்பிடித்து, அங்கே தண்ணீரின் ஆழத்தையும் வேகத்தையும் அளந்தார். 1895-இல் அது கட்டுரையாக வந்தது. பிறகு ஐக்கிய மாகாணத்தில் இருந்த லேசி, பலரும் அளந்து வைத்திருந்த கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 1930-இல் தம் கொள்கையை வெளியிட்டார். முன்னவர் கணக்கைப் பூட்டி வைத்திருந்தால் பின்னவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

கால்வாய் விஷயம் இது. அணைகளின் விஷயம் இன்னும் பதற வைப்பது.

1895-இல் செனாப் ஆற்றில் கான்கி அணைக்குச் சேதம் ஏற்பட்டது. அந்த ஆற்று மணலையே ரூர்க்கிக்குக் கொண்டுவந்து, குழாயில் நிரப்பி, தண்ணீர் அதனூடே எப்படி ஊர்கிறது என்று கல்லூரி முதல்வர் கர்னல் கிளிபார்ன் சோதனை செய்தார். 1898-இல் கங்கையில் நரோரா அணையின் தளம் உடைந்தது. வெள்ளம் மேலே ஏறி உடைக்கவில்லை. அடியில் ஊறிய தண்ணீரின் அழுத்தம் தளத்தையே தூக்கிவிட்டது.

இந்த அனுபவங்களையெல்லாம் வைத்துத்தான் பிளை ஒரு கணக்குச் சொன்னார். அணைக்கு அடியில் ஊறும் தண்ணீர் நீண்ட தூரம் போனால் வலுவிழந்துவிடும். ஆகவே பாதையை நீளமாக்கு. மணலுக்கு ஏற்றபடி, தண்ணீரின் உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு, பதினைந்து மடங்கு என்று நீளம். சுலபமான கணக்கு. எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் 1926, 27-இல் மேல் செனாப் கால்வாயில், பிளை கணக்குப்படி கட்டிய சைபன்களே தொல்லை கொடுத்தன. ஏ.என். கோஸ்லா என்ற இன்ஜினியர், ரூர்க்கியில் படித்தவர், தளத்துக்கு அடியில் குழாய்களை இறக்கி உண்மையான அழுத்தத்தை அளக்கச் செய்தார். கணக்கு வேறு, அளவு வேறாக இருந்தது. பிளை சொன்னபடி அழுத்தம் ஒரே சீராகக் குறையவில்லை. மொத்த நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது, தண்ணீர் வெளியே வரும் கீழ்முனையில் மணலைத் தூக்கும் வேகம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அங்கே ஆழமான தடுப்புச் சுவர் இல்லாவிட்டால், மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, தளத்துக்கு அடியில் பொந்து விழும். கணித அறிஞர் போஸ், ஆராய்ச்சியாளர் டெய்லர் இருவரோடும் சேர்ந்து கோஸ்லா எழுதியதை மத்தியப் பாசன வாரியம் 1936-இல் புத்தகமாக வெளியிட்டது. நாம் பரீட்சைக்குப் படித்த வளைகோடுகள் அதிலிருந்து வந்தவை.

கோஸ்லா பிற்பாடு ரூர்க்கி பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானார். 1955-இல் அங்கே நீர்வளப் பயிற்சி மையம் தொடங்கியது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் வேலையில் இருக்கும் இன்ஜினியர்கள் வந்து படிக்கும் இடம். மெட்லி தபாலில் வரவழைத்த அனுபவம் இப்போது ஆளாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தது.

இனி என் கதை. பாலிடெக்னிக்குக்கு வருவதற்கு முன் சில வருஷம் நான் வெளிவேலையில் இருந்தேன். ஒரு காட்டாற்றில் சிறிய தடுப்பணை. இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். கீழ்முனைத் தடுப்புச் சுவருக்குத் தோண்டும்போது ஊற்று அதிகமாகிவிட்டது. எண்ணெய் இன்ஜின் வைத்து இறைத்தும் அடங்கவில்லை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் இருந்த ஆழத்துக்குப் போகாமல் பாதியில் சுவரை எழுப்பிவிட்டோம். மொத்த நீளம்தான் கணக்குக்குச் சரியாக வருகிறதே என்று மேலதிகாரி சொன்னார். நானும் தலையாட்டினேன். கோஸ்லாவைப் படித்து நல்ல மார்க் வாங்கியவன்தான் நான்.

அடுத்த மழையில் அணை நிரம்பியது. பக்கத்து வயல்காரப் பெரியவர் ஒருவர் என்னைக் கூட்டிப்போய்க் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார்.

"தம்பி, இங்க பாருங்க. மணல் உலையில அரிசி கொதிக்கிற மாதிரி கொதிக்குது. தண்ணி அணைய ஏறிப் போகல, அடியில பூந்து போகுது."

நான்கு நாளில் தளம் உள்வாங்கிவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த வருஷம் அவர் வயலுக்குத் தண்ணீர் இல்லை. எதிர்பாராத வெள்ளம் என்று அறிக்கை போயிற்று. சுவரின் ஆழத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை நகலெடுத்துக் கொடுத்தவன் நான்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு தாலுகாவில் இதே மாதிரி ஒரு தடுப்பணை, இதே மாதிரி உள்வாங்கிற்று என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் ஊற்று வந்ததாம். அங்கேயும் சுவரைக் குறைத்தார்களாம். எங்கள் அணை ஏன் போயிற்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருப்பார்களா? தெரிய வழியில்லை. நாங்கள்தான் சொல்லவில்லையே. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வகுப்பெடுக்க வந்த பிறகு, கோஸ்லா பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் முதலில் சூத்திரம் எழுதமாட்டேன். அந்தத் தடுப்பணையை வரைவேன். பாதியில் நின்ற சுவரை வரைவேன். பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்வேன். "சார், இது யார் கட்டினது?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பையன் கேட்பான். முதல் சில வருஷம் "யாரோ" என்றேன். பிறகு "நான்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் சில உடைந்து அடித்துச் செல்லப்பட்டதை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அன்று மாலை ஒரு பழைய மாணவன் போன் செய்தான். இப்போது அவனும் பாடம் நடத்துகிறவன். "சார், உங்க தடுப்பணைய இந்த வருஷமும் போர்டுல போட்டேன்" என்றான்.

நோட்டை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். எடைக்குப் போட மனம் வரவில்லை. இதைப் படிக்கும் நண்பர்களில் வெளிவேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் உண்டு. உங்கள் கையிலும் அறிக்கையில் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கக்கூடும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதிப் பக்கத்துக் கல்லூரி வாத்தியார் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.