கேளாமல் பெற்ற சம்மதம்

மருத்துவர்களின் பாதுகாவலர்களாகத் திருச்சபை போற்றும் புனித கொஸ்மாஸ், புனித தமியான் இருவரைப் பற்றி, 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற புனிதர் சரிதை நூலொன்று ஒரு கதை கூறுகிறது. உரோமையில் அவர்கள் பெயரால் எழுந்த ஆலயத்தில் ஊழியம் புரிந்த ஒருவனுடைய கால் நோயால் அழுகிப்போயிற்று. அவன் உறங்குகையில் புனிதர் இருவரும் தோன்றி, அன்றுதான் அடக்கம் செய்யப்பட்ட எத்தியோப்பியர் ஒருவரின் காலைக் கொணர்ந்து பொருத்திச் சென்றனராம். ஐரோப்பிய ஓவியர் பலர் இக்காட்சியைத் தீட்டியுள்ளனர். விழித்தெழுந்தவனின் மகிழ்ச்சியைக் கதை மறவாமல் சொல்கிறது. கல்லறையில் கிடந்தவரின் வீட்டாரை எவரேனும் கேட்டார்களா என்பதுபற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

வானகத்து மருத்துவர்கள் கேட்கவேண்டியதில்லை என்று விட்டுவிடலாம். மண்ணுலகில் ஓர் அரசு கேளாமல் எடுக்க முனைந்தபோது நிகழ்ந்ததைப் பிரேசில் நாட்டின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

உலகின் முதல் இதய மாற்று நடந்து ஆறு திங்கள் நிறைவதற்குள், 1968 மே மாதத்தில், சாவோ பவுலோ நகரில் மருத்துவர் செர்பினி அதே அறுவையைச் செய்து காட்டினார். ஆகவே திறமைக்கு அந்நாட்டில் குறைவில்லை, உறுப்புகள்தாம் போதவில்லை. சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் காத்திருந்தோர் காத்திருப்பிலேயே மாண்டனர். இத்துயரைத் துடைக்க 1997 பெப்ரவரி 4-ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. உயிரோடிருக்கையில் மறுப்புத் தெரிவிக்காதவர் அனைவரும், இறந்தபின் கொடையாளராகவே கொள்ளப்படுவர் என்றது அச்சட்டம். மறுப்பவர் தம் அடையாள அட்டையிலோ ஓட்டுநர் உரிமத்திலோ 'உறுப்புக் கொடையாளர் அல்லர்' என்று பதித்துக்கொள்ள வேண்டும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மூர் வழக்கு. பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் அதை வைத்தே எத்தனையோ திருமணங்கள் முடிந்துள்ளன. அந்த மௌனங்களுள் எத்தனை சம்மதமாயிருந்தன என்பது வேறு கதை. பிரேசிலின் எளிய மக்கள் அரசு தம் மௌனத்துக்குப் பொருள் சொல்வதை ஏற்கவில்லை. உயிர் பிரியுமுன்பே உறுப்பைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம் பரவிற்று. அலுவலகங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. கொடுக்கலாமா என்று அதுவரை எண்ணியே பாராதவர்களும் 'கொடேன்' என்று பதிவுசெய்தனர். கொடையைப் பெருக்க வந்த சட்டம் மறுப்பைப் பெருக்கிற்று.

அடையாள அட்டையே இல்லாத ஏழையின் நிலை என்ன? அடையாளம் தெரியாதவர் உடலிலிருந்து எதையும் எடுக்கலாகாது என்று சட்டம் தடுத்திருந்தது உண்மையே. எனினும், எழுத்தறியாத ஒருவர் அலுவலகப் படியேறி மறுப்பைப் பதிவதென்பது ஏட்டளவில் எளிது. மருத்துவர் பலர் சட்டம் அனுமதித்தும் குடும்பத்தைக் கேளாமல் கத்தியைத் தொட மறுத்தனர். அவர்கள் செயலே எனக்கு இவ்வரலாற்றில் மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

ஸ்பெயினிலும் 1979 முதல் ஏறக்குறைய இதே சட்டம் உள்ளது. ஆயினும் அங்கே எவரும் அஞ்சி வரிசையில் நிற்கவில்லை. காரணம், மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் அவ்விதியை அவர்கள் நடைமுறையில் பயன்படுத்துவதில்லை. 1989-இல் மருத்துவர் மத்தேசன்ஸ் தலைமையில் தொடங்கிய தேசிய அமைப்பு, மருத்துவமனைதோறும் பயிற்சிபெற்ற ஒருவரை அமர்த்திற்று. துயருற்ற குடும்பத்தோடு அமர்ந்து, மூளைச்சாவு இன்னதென விளக்கி, பொறுமையாகக் கேட்பது அவர் பணி. அவ்வாண்டில் பத்து இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 14 கொடையாளர். பத்தாண்டுகளுக்குள் அது 30-ஐக் கடந்தது.

1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2296) கொடுப்பவரின் அல்லது அவருக்காகப் பேச உரிமையுடையவரின் இசைவைக் கேட்கிறது. 1997-இல் திருத்தப்பட்ட பாடம் அது வெளிப்படையான இசைவாயிருக்க வேண்டும் என்கிறது. 2000 ஆகஸ்டில் உரோமையில் உறுப்பு மாற்று வல்லுநர்களிடையே உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கொடையைப் பாராட்டினார். அறிந்து அளிக்கும் இசைவு வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்.

பிரேசில் 1998 அக்டோபரிலேயே பின்வாங்கிக் குடும்பம் மறுத்தால் அதை ஏற்பதைக் கட்டாயமாக்கிற்று; 2001 மார்ச்சில் புதிய சட்டம் குடும்பத்தின் இசைவையே கட்டாயமாக்கிற்று. அச்சட்டத்தால் அட்டைகளில் பதித்த சொற்கள் யாவும் செல்லாதவையாயின. 'கொடேன்' என்றவர் சொல்லோடு, விரும்பிக் 'கொடுப்பேன்' என்றவர் சொல்லும் போயிற்று. முடிவு முழுவதும் குடும்பத்தின் கையில் சேர்ந்தது. 2024 முதல் விரும்புவோர் தம் விருப்பத்தை ஆவணப் பதிவாளர்கள் வழியே மின்னணு முறையில் எழுதிவைக்கலாம். ஆயினும், மருத்துவர் இன்றும் குடும்பத்தாரைத்தான் கேட்கிறார்.