வேரும் விரிவும்

மரம் வானோக்கி ஓங்க ஓங்க அதன் வேரும் மண்ணுள் ஆழ்ந்து செல்லுதல் வேண்டும். கலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். அமெரிக்க இசைக்குழுவாகிய கிரேட்ஃபுல் டெட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு இசைத்தட்டுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

பாடலின் மெட்டை அடித்தளமாகக் கொண்டு, முன்கூட்டி வரையறுத்துக்கொள்ளாமல், கலைஞர்கள் ஒருவருக்கொருவர் செவிகொடுத்து மேடையிலேயே இசையை விரித்துச் செல்வதை ‘ஜாம்’ என்பர். 1965இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய இக்குழு அவ்வகை இசைக்குப் பெயர்பெற்றது. 1969இல் வெளிவந்த ‘லைவ் டெட்’ என்னும் தொகுப்பில், ‘டார்க் ஸ்டார்’ என்னும் ஒரே பாடல் 23 நிமிடங்கள் நீண்டு, தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது.

அதே ஆண்டு வெளிவந்த மற்றொரு தொகுப்புக்காகக் குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பல மாதங்களைக் கழித்தனர். அக்காலத்தில் புதுமையாயிருந்த பதினாறு தட ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு அவர்கள் நிகழ்த்திய சோதனைகளால் ஏறத்தாழ 180,000 டாலர் செலவாயிற்று. தட்டு வெளியீட்டு நிறுவனத்திற்கு அவர்கள் கடன்பட்டனர். இனி எளிமையாகவும் விரைவாகவும் பதிவு செய்தாக வேண்டிய நிலை ஏற்பட்டது.

‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’ என்னும் புதிய தொகுப்பு 1970 பிப்ரவரித் திங்களில் ஏறத்தாழப் பத்து நாள்களில் பதிவாகி, ஜூன் திங்களில் வெளிவந்தது. எட்டே பாடல்கள், அனைத்தும் சேர்ந்து 40 நிமிடங்களுக்கும் குறைவு. நீண்ட மின்கித்தார் முழக்கத்தை எதிர்நோக்கித் தட்டைச் சுழலவிட்டவர்கள் முதற்பாடலிலேயே மரக்கித்தாரின் தெளிந்த ஒலியையும், மூவர் இணைந்து பாடும் குரலிசையையும் கேட்டு வியந்தனர். சுரங்கத் தொழிலாளரின் வாழ்வைப் பாடும் ‘கம்பர்லாந்து புளூஸ்’ பாடலில் பாஞ்சோவின் துள்ளொலி கலந்து ஒலித்தது.

எனினும் இது திடீரெனப் பூண்ட வேடமன்று. குழுவின் முதன்மைக் கலைஞர் ஜெரி கார்சியா, மின்கித்தாரை ஏந்துவதற்கு முன்பே பாஞ்சோவில் தேர்ச்சி பெற்றவர். 1964இல் அவரும் நண்பர்களும் நாட்டுப்புறப் பாடல்களையும் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களையும் இசைக்கும் சிறு குழுவொன்றை நடத்தினர். அந்த இளமைப் பயிற்சியே ஆறாண்டுகளுக்குப் பின் கைகொடுத்தது.

பழம்பாடல்களை அப்படியே திரும்பப் பாடாமல் புதியனவற்றைப் படைத்ததே இவர்களின் சிறப்பாகும். பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டர் எழுதிய சொற்கள், நேற்றுத்தான் எழுதப்பட்டவை என்று நம்ப முடியாத அளவுக்குத் தொன்மை மணம் கமழ்ந்தன. கேசி ஜோன்ஸ் என்னும் தொடர்வண்டி ஓட்டுநர் 1900 ஏப்ரல் 30ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தில் நேர்ந்த மோதலில் இறந்தார். பயணிகளைக் காக்க இறுதிவரை வண்டியின் வேகத்தைத் தணித்தவர் எனப் போற்றப்பட்டு, நாட்டுப்புறப் பாடல்களின் தலைவரானார். ஹண்டர் அப்பெயரை எடுத்துக்கொண்டு, போதையில் வண்டியோட்டும் ஒருவனைப் படைத்தார். பழைய வீரன் பெயரால் தம் தலைமுறைக்கே விடுத்த எச்சரிக்கையாக அது அமைந்தது.

அவ்வாண்டு நவம்பரில் ‘அமெரிக்கன் பியூட்டி’ என்னும் அடுத்த தொகுப்பு வெளிவந்தது. அதன் முதற்பாடலின் பின்னணி நெஞ்சை உருக்குவது. குழுவின் கலைஞர் பில் லெஷின் தந்தை புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் இருந்தார். அவருக்குப் பாடிக் காட்டுவதற்காக லெஷ் ஒரு மெட்டமைத்து, ஹண்டரிடம் சொற்களைக் கேட்டுப் பெற்றார்; தந்தையைக் காணச் செல்லும் வழியெல்லாம் அதைப் பாடிப் பழகினார். தொகுப்பு உருவான நாள்களில் கார்சியாவும் தம் தாயை இழந்தார். ‘ரிப்பிள்’ என்னும் பாடலில் டேவிட் கிரிஸ்மன் இசைத்த மாண்டலின் ஒலியில் அத்துயர்க் காலத்தின் அமைதி கேட்கிறது. சுருங்கிய பாடலுக்குள் இத்துணை உணர்வு அடங்குவதற்குப் பழம்பாடல் மரபே வடிவம் தந்தது.

வேரை நாடியதால் விரிவு குன்றியதோ எனில், அதுவும் இல்லை. தட்டில் ஐந்து நிமிடங்களுக்குள் முடியும் ‘அங்கிள் ஜான்ஸ் பேண்ட்’, பிற்காலத்தில் மேடையில் நீண்ட இசைப்பயணமாக வளர்ந்தது. 1977 மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இக்குழு நடத்திய நிகழ்ச்சியின் பதிவு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 1995இல் கார்சியா மறைய, அக்குழுவும் முடிவுற்றது.

தம் மண்ணின் வேரை அறிந்தவர் பிறர் வேரையும் மதிப்பர். குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் உருவாக்கிய ‘பிளானட் டிரம்’ என்னும் தொகுப்பில், நம் கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம், தபலா மேதை ஜாகீர் உசேன், நைஜீரிய முரசுக் கலைஞர் ஒலதுஞ்சி முதலியோர் ஒருங்கே இசைத்தனர். உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்கே கிடைத்தது. மரபைப் பயில்வது கற்பனைக்குத் தளையாகுமோ என்று ஐயுறும் மாணவர்க்கு 1970ஆம் ஆண்டின் இவ்விரு தட்டுகளும் விடை பகர்கின்றன: கடனும் துயரும் சூழ்ந்த வேளையில் அக்கலைஞர்களைத் தாங்கி நின்றது, இளமையில் கற்ற பழம்பாட்டே.