பழவேற்காட்டுச் சுண்ணாம்பு

பொங்கலுக்கு முந்தைய வாரம் சோழவரத்தில் எங்கள் வாசலில் ஒரு பானை கொதிக்கும். அடுப்பு கிடையாது. சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் அதுவே பொங்கும். "கிட்ட போகாத, கண்ணு போயிடும்" என்று அப்பா விரட்டுவார். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, நுனி நைத்த மட்டையால் அடிப்பார். ஈரத்தில் பழைய அழுக்கெல்லாம் அப்படியே தெரியும். "வெளுக்கவே இல்லையேப்பா?" என்றால், "காயட்டும்டா" என்பார்.

கிளிஞ்சல் வடக்கே, பொன்னேரி தாண்டி, பழவேற்காடு ஏரியிலிருந்து வந்தது. பளிங்குபோல மின்னுகிறதென்று வெள்ளைக்காரர்கள் வியந்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சும் கிளிஞ்சலைச் சுட்டுச் செய்ததுதான்.

குற்றத்தை மறைப்பதற்குத் தமிழில் 'பூசி மெழுகுதல்' என்ற சொல் இருக்கிறது. அது சாணமும் மண்ணும் சேர்ந்த தரை வேலை. 'வெள்ளையடிப்பது' ஆங்கிலத்தைப் பார்த்துப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டதாக இருக்க வேண்டும். எங்களுக்கு வெள்ளையடிப்பது பண்டிகை. அதில் என்ன கள்ளத்தனம்? ஆனால் பழவேற்காட்டு வரலாற்றுக்கு அந்த இரவல் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று பார்க்க மிஞ்சியிருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே பேரும் பதவியும் பொறித்த கற்கள். டச்சுக்காரர்கள் துணி வாங்க வந்தார்கள் என்றுதான் பள்ளியில் படித்தேன். அவர்கள் ஆட்களையும் வாங்கினார்கள். 1622-23-இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்கிறார் ஆய்வாளர் மார்க்கஸ் விங்க். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்களாம்.

கவனியுங்கள், டச்சுக்காரர்கள் இதை மறைக்கவில்லை. தலைக்கணக்கு எழுதிவைத்தார்கள். துணியும் மிளகும் மட்டுமே பேசி மேலே வெள்ளையடித்தது பின்னால் வந்த நாம்தான்.

போன தை மாதம் அப்பாவை அங்கே கூட்டிப்போய் இதையெல்லாம் சொன்னேன். ஒரு கல்லின் எழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்குனவன் பேரு கல்லுல இருக்கு. வித்தவன் யாருடா?"

உள்ளூர்த் தரகர்கள் என்றேன். பஞ்சத்தில் பெற்றவர்களே பிள்ளைகளை விற்றதும் உண்டு என்றேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.