பாட்டி கேக்கும் ஆலைத் தூளும்: எளிய வீட்டுக் கேக் உருவான வரலாறு

மேற்கத்தியக் குடும்பச் சமையலைப் பற்றிப் பேசும்போது ஒரு நம்பிக்கை யாரும் கேள்வி கேட்காமலேயே தொடர்ந்து வருகிறது. கேக், பிஸ்கட், மஃபின் போன்ற எளிய பண்டங்களை வீட்டுப் பெண்கள் பல தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாற்றி வந்தார்கள். பின்னாளில் கம்பெனிகள் அந்தக் கைப்பக்குவத்தைப் பொட்டலம் கட்டி விற்றன என்பதே அந்த நம்பிக்கை. ரொட்டிக்கும் கஞ்சிக்கும் இறைச்சிக் குழம்புக்கும் இது ஓரளவு பொருந்தலாம். கேக்குக்குப் பொருந்தாது. அரை மணி நேரத்தில் கலந்து, இரண்டு முட்டையில் முடித்து, யார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பொங்கிவரும் வீட்டுக் கேக் 19-ஆம் நூற்றாண்டின் படைப்பு. ரசாயன ஆலையும் அளவுக் கோப்பையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் அடுப்பும் வந்த பிறகுதான் அது எளிதாயிற்று. எளிதான பிறகுதான் குடும்பச் சொத்தாகவும் ஆயிற்று. இந்த வரிசையை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முந்தைய நிலையை அறிய, ஹன்னா கிளாஸ் 1747-இல் லண்டனில் வெளியிட்ட சமையல் நூல் நல்ல சான்று. வீட்டு வேலைக்காரிகளுக்கும் புரியும்படி எழுதுவதாகச் சொல்லிக்கொண்ட நூல் அது. அதில் வரும் பவுண்டு கேக்குக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு. முட்டை ஒரு டஜன், அவற்றில் பாதிக்கு வெள்ளைக் கருவை நீக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறார். காரணம் எளியது. கேக்கை எழுப்புவதற்கு வேறு வழி கிடையாது. வெண்ணெயிலும் முட்டையிலும் அடித்து ஏற்றிய காற்றுதான் சூட்டில் விரிந்து மாவைத் தூக்க வேண்டும். இன்னொரு வழி, பீர் வடிக்கும் இடத்திலிருந்து வாங்கிய ஈஸ்ட் நுரை. அது மெதுவாக வேலை செய்யும்; பருவத்துக்குப் பருவம் குணம் மாறும்; கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த மாவில் திணறும். இதோடு சர்க்கரையைக் கூம்புக் கட்டியிலிருந்து உடைத்து இடித்துச் சலிக்க வேண்டும், மாவை நெருப்பருகே உலர்த்த வேண்டும், உலர்திராட்சையில் விதை எடுக்க வேண்டும். செங்கல் அடுப்புக்குள் விறகெரித்துச் சாம்பலை வாரிய பின், அதன் சூட்டைக் கையை உள்ளே நீட்டியோ ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு விரைவில் பழுப்பாகிறது என்று பார்த்தோதான் கணிக்க முடியும். வேலையாட்கள் உள்ள வீட்டில், விசேஷ நாளில் செய்யும் பண்டம் இது. செவ்வாய்க்கிழமை மாலையில் பிள்ளைகளுக்காகச் செய்வதல்ல.

முதல் மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது, அதுவும் காடழிப்பின் உபவிளைவாக. குடியேறியவர்கள் விவசாயத்துக்காக மரங்களை வெட்டி எரித்தார்கள். அந்தச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்துக் காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். அதை மேலும் சூடாக்கித் தூய்மைப்படுத்தினால் பேர்ல் ஆஷ் எனப்படும் வெண்தூள், வேதியியலில் பொட்டாசியம் கார்பனேட். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது தேவைப்பட்டது. ஏற்றுமதிப் பொருளாகவும் விளங்கியது. அமெரிக்க அரசு 1790 ஜூலை 31-இல் வழங்கிய முதல் காப்புரிமையே சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவரின் பொட்டாஷ், பேர்ல் ஆஷ் தயாரிப்பு முறைக்குத்தான். அதில் ஜார்ஜ் வாஷிங்டன் கையொப்பமிட்டிருக்கிறார். ஆறே ஆண்டுகளில், 1796-இல், ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’ நூலில் அதே தூள் குக்கிகளிலும் இஞ்சி ரொட்டியிலும் சேர்கிறது. தம்மை அனாதை என்று முகப்பிலேயே அறிமுகப்படுத்திக்கொண்ட அந்த ஆசிரியை இதை விளக்கவே இல்லை. போட வேண்டிய பொருளோடு பொருளாகப் போட்டுவிட்டு நகர்கிறார். அச்சுக்கு வருமுன்பே சமையலறைகளில் அது பழகிவிட்டது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

சாம்பல் உப்பின் குறை அதன் கசப்பும் சோப்பு வாடையும். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அதன் இடத்தைப் பைகார்பனேட்டுகள் பிடித்தன. 1846-இல் நியூயார்க்கில் ஜான் ட்வைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் சோடியம் பைகார்பனேட்டைப் பொட்டலமாக்கி விற்கத் தொடங்கினார்கள். நம் கடைகளில் ஆப்பசோடா என்று கேட்டால் தரும் அதே உப்புதான். ஆனால் சோடா தனியே முழுமையாக வேலை செய்யாது. அமிலத்தோடு சேர்ந்தால்தான் வேண்டிய அளவு கரியமில வாயுவைத் தந்து தன் சுவையையும் மறைத்துக்கொள்ளும். புளித்த பாலும் மோரும் வெல்லப்பாகும் அந்த அமிலத்தைத் தந்தன. பாலின் புளிப்போ ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது. ஆகவே அதிகச் செலவு செய்ய முடிந்தவர்கள் ஒயின் பீப்பாய்களின் அடியில் படியும் உப்பிலிருந்து எடுத்த டார்ட்டர் கிரீமைச் சோடாவுடன் கலந்தார்கள். ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் வாழ்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சன் கைப்பட எழுதிய தேங்காய்க் கேக் குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. மாவு 2 கப், சர்க்கரை 1 கப், தேங்காய் 1 கப், வெண்ணெய் அரை கப், பால் அரை கப், முட்டை 2, சோடா அரைக் கரண்டி, டார்ட்டர் கிரீம் 1 கரண்டி. ஹன்னா கிளாஸிலிருந்து நூறாண்டுக்குச் சற்று மேல் தள்ளித்தான் இது, ஆனால் உலகமே வேறு. முட்டைகளின் எண்ணிக்கை சுருங்கிவிட்டது, ஒரு மணி நேர அடித்தல் மறைந்துவிட்டது. சோடா ஒரு பங்குக்கு டார்ட்டர் கிரீம் இரு பங்கு என்ற விகிதமும் கவனிக்கத்தக்கது: எடைக் கணக்கில் ஒரு பங்கு சோடாவைச் சமப்படுத்த இரண்டு பங்குக்குச் சற்று மேல் டார்ட்டர் கிரீம் வேண்டும். வேதியியல் சமன்பாடு ஒன்று கவிஞரின் சமையல் தாளில் கரண்டிக் கணக்காக இறங்கியிருக்கிறது. அந்தக் குறிப்பும் அவருடையதன்று, தெரிந்த பெண்மணி ஒருவரிடமிருந்து பெற்றது. அண்டை வீட்டுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தால் அங்கேயும் அதே கேக் வரும் என்ற உறுதி பிறந்த பிறகுதான் இப்படிப்பட்ட கைமாற்றம் பெருகியது.

மீதமிருந்த சிக்கல், இரண்டு தூள்களையும் சரியாக அளந்து கலப்பது. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக, சோடாவையும் அமிலத்தையும் முன்கூட்டியே கலந்து வைத்தார். முட்டை ஒவ்வாத அதே மனைவிக்காகக் கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தவரும் அவரே. அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு, ஜெர்மனியில் வேதியியலாளர் லீபிக்கிடம் பயின்றவர், 1856-இல் எலும்பிலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பாவிலிருந்து வரும் டார்ட்டர் கிரீமுக்கு மாற்றாக அமைந்தது அது. பிறகு சோளமாவைச் சேர்த்து ஈரத்தைத் தடுத்து, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்தார்கள். ஆயினும் சமூக வரலாற்றில் என் மதிப்பீட்டில் இவர்களைவிடப் பெரியவர் பீலஃபெல்டு நகர மருந்துக்கடைக்காரர் அகஸ்ட் ஓட்கர். 1891 முதல் அவர் பேக்கிங் பவுடரை ஒரு பவுண்டு மாவுக்குச் சரியாகப் போதும் சிறு உறைகளில் விற்றார். அளக்கும் பொறுப்பையே வீட்டுப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டார். உறையின் முதுகில் செய்முறையையும் அச்சிட்டார். நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 1879-இல் பேக்கிங் பவுடர் விற்கத் தொடங்கிய தாமஸ் எட்மண்ட்ஸின் கம்பெனி 1908-இல் வெளியிட்ட சிறு விளம்பரப் புத்தகம் அந்நாட்டின் மிக அதிகம் விற்ற நூலாக வளர்ந்தது. அங்கே பாட்டி பலகாரம் என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்தின் எண்ணெய்க்கறை படிந்த பக்கங்களிலிருந்து வந்தது.

அளவும் சூடும் சேராமல் தூள் மட்டும் போதாது. முட்டையளவு வெண்ணெய், ஒரு தேநீர்க் கோப்பை மாவு என்றே 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் பேசின. எந்த முட்டை, எந்தக் கோப்பை என்பது எழுதியவருக்கே வெளிச்சம். ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளி நூல் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கப்பும் கரண்டியும் கத்தியால் தலைதட்டி அளக்கப்பட வேண்டும் என்று அவர் கறாராக வலியுறுத்தினார். பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லாததால் முதல் 3,000 படிகளின் செலவை அவரே ஏற்க நேர்ந்தது என்பது பதிப்புலகத்தின் பழைய கதை. அடுப்பின் சூடு இன்னும் கால் நூற்றாண்டு காத்திருந்தது. பிரிட்டனில் 1923-இல் ரெகுலோ என்ற சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் கேஸ் அடுப்பு சந்தைக்கு வந்தபின் செய்முறையில் எண்ணைக் குறித்தாலே போதும் என்றாயிற்று. காகிதத்தைப் பழுப்பாக்கிப் பார்த்த காலம் முடிந்தது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, கையெழுத்துச் சமையல் ஏடுகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஏராளம் என்பது. உண்மைதான். தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற ஏடுகளும் அவற்றில் உண்டு. ஆனால் அவற்றை வைத்திருந்தவை பெரும்பாலும் எழுத்தறிவும் பணியாட்களும் கொண்ட வசதியான வீடுகள். செய்யத் தெரிந்தவருக்கு நினைவூட்டும் குறிப்புகளே அவை. தெரியாதவர் பார்த்துச் செய்யக்கூடியவை அல்ல. இரண்டாவது மறுப்பு கனமானது: வேதியியலாளருக்கும் வணிகருக்கும் இவ்வளவு பெருமை சேர்ப்பது, சாம்பல் உப்பை மாவில் போட்டுப் பார்த்த பெயர் தெரியாத பெண்களை மறைத்துவிடாதா? இதை ஏற்றே ஆக வேண்டும். தொடக்கம் சமையலறையில்தான், ஹார்ஸ்ஃபோர்டு பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிம்மன்ஸின் நூல் வந்துவிட்டது. ஆகவே ஆலை இதைத் தோற்றுவித்தது என்று நான் சொல்லவில்லை. அங்கங்கே சிலருக்குக் கைவந்த ஒரு தந்திரத்தை எல்லோருக்கும் ஒரே பலன் தரும் முறையாக மாற்றியது ஆலை. குடும்பக் குறிப்பு என்ற நிலைக்கு அந்தச் சீர்மைதான் அடிப்படை.

மூன்றாவது மறுப்பு, இதெல்லாம் விளம்பரத்தின் மாயம், கம்பெனிகள் பெண்களின் திறனைப் பறித்து டப்பாவைத் திணித்தன என்பது. கம்பெனிகள் யோக்கியமானவை என்று வாதிட யாரும் முன்வர மாட்டார்கள். டார்ட்டர் கிரீம் சேர்த்த பேக்கிங் பவுடர் தயாரிப்பாளர்களுக்கும் விலை குறைந்த, படிகாரம் சேர்த்த தூள் தயாரிப்பாளர்களுக்கும் நடந்த போட்டியில் மிசௌரி மாநிலம் 1899-இல் படிகாரத் தூளையே தடைசெய்தது. அந்தத் தடையை ஒட்டிய லஞ்ச விவகாரம் வெளியாகி 1903-இல் அதன் துணை ஆளுநர் பதவி விலகினார். உடல்நலக் கவலை என்று பேசப்பட்டதில் எவ்வளவு வணிகம் கலந்திருந்தது என்பதை இது காட்டும். ஆயினும் பெண்கள் வெறும் பலியாடுகளாக இருக்கவில்லை. கேக் மிக்ஸில் முட்டைத் தூளை எடுத்துவிட்டுப் புதிய முட்டையைச் சேர்க்கச் சொன்னது 1950-களின் விளம்பர உளவியலாளர் ஒருவரின் யோசனை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் பிட்ஸ்பர்க்கின் டஃப் கம்பெனி 1935-லேயே பெற்ற காப்புரிமையில், வாங்கும் பெண்கள் தாங்களே முட்டை உடைத்துச் சேர்ப்பதை விரும்புகிறார்கள் என்ற கருத்து இடம்பெற்றுவிட்டது. உளவியலாளர் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுவதைச் சமையலறை இருபதாண்டுகளுக்கு முன்பே கேட்டு வாங்கியிருந்தது. பறிபோனதாகச் சொல்லப்படும் திறனும் ஒரு மணி நேரம் கை சோர அடிக்கும் திறன்தான். அதற்காக வருந்துபவர்கள் பெரும்பாலும் அடித்தவர்கள் அல்லர். சுவை குறைந்தது என்ற புகாரில் மட்டும் நியாயம் உண்டு. ஈஸ்ட் தரும் மணத்தைச் சோடா தராது.

தமிழ் வீடுகளில் இதே வரலாறு வேறு வேகத்தில் நடந்தது. இட்லியும் தோசையும் ஆப்பமும் புளிக்கவைத்தே எழும்புபவை. வெப்பமான ஊரில் இரவு முழுவதும் வைத்த மாவு செலவின்றிப் பொங்கிவிடுவதால், சோடா அங்கே அவசரத்துக்கு உதவும் துணையாகவே நின்றது. கேக்குக்கோ வேறு வழியே இல்லை, ஓவனும் இல்லை. 1959-இல் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கர்கள் இந்தியச் சந்தைக்கு வந்து நடுத்தர வர்க்கத்து அடுக்களைகளில் இடம்பிடித்த பின், அடியில் மணலோ உப்போ பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அதையே ஓவனாக்கிக்கொண்டார்கள். கேஸ்கெட் இல்லாத குக்கரில் அழுத்தம் ஏறாது. உலர்ந்த சூடு சுற்றிவரும் பாத்திரமாகிவிடும். முட்டை சேர்க்காத வீடுகளில் கண்டென்ஸ்டு மில்க்கும், தயிரில் கலந்த ஆப்பசோடாவும் முட்டையின் வேலையைப் பகிர்ந்துகொண்டன. தயிரும் சோடாவும் சேர்வது, 150 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பண்ணைவீட்டில் புளித்த பாலும் சோடாவும் சேர்ந்த அதே வினைதான். இன்று பல குடும்பங்களில் அது அம்மாவின் கேக், பாட்டியின் கேக். அதன் மூலத்தைத் தேடினால் பால் டின்னின் காகிதத்திலோ குக்கருடன் வந்த செய்முறைப் புத்தகத்திலோ வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்திலோ போய் நிற்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே குடும்பச் சமையல் ஏடுகளைத் தொகுக்கவும் மின்வடிவாக்கவும் முனைந்திருக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் பக்கங்களை மட்டும் படமெடுத்துவிட்டு, இடையில் செருகிய டப்பா காகிதங்களையும் குக்கர் கையேடுகளையும் ஓரம் கிழிந்த பத்திரிகைத் துணுக்குகளையும் குப்பையென்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்தக் குறிப்பு எந்த ஆண்டில் எந்தப் பொருளோடு வீட்டுக்குள் வந்தது என்பதற்கான சான்று அவற்றில்தான் இருக்கிறது.