கார் இருக்கையைக் கழற்றி மாட்டுதல்: ஒரு வரலாறு

காரின் முன் இருக்கையைக் கழற்றுவது பார்வைக்கு எளிய வேலை. பெரும்பாலான கார்களில் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் இருக்கை தரையிலிருந்து விடுபட்டுவிடும். தரைவிரிப்பைக் கழுவவும், உறை மாற்றவும், அடியில் விழுந்த பொருளை எடுக்கவும் பலர் இதை வீட்டிலேயே செய்கின்றனர். ஆனால் இன்றைய கார் இருக்கை வெறும் நாற்காலி அன்று. விபத்தில் உயிரைக் காக்கும் அமைப்பின் ஓர் உறுப்பு. இம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. அந்த வரலாற்றை அறிந்தால், கழற்றும் முறையிலுள்ள ஒவ்வொரு விதிக்கும் காரணம் விளங்கும்.

குதிரை வண்டியிலிருந்து வந்த இருக்கை

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் இருக்கை, குதிரை வண்டியில் இருந்த அதே பலகை இருக்கையின் மறுவடிவமே. அமர்வதைத் தவிர அதற்கு வேறு பணி இல்லை.

1908-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் இருக்கைக்கு இன்னொரு பணி சேர்ந்தது. அதன் பெரும்பாலான வகைகளில் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் அமர்ந்திருப்பவர் இறங்க வேண்டும். மெத்தையைத் தூக்கி எடுக்க வேண்டும். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதை ஒரு குச்சியை விட்டு அளந்தனர். அக்கால வாகன உரிமையாளர்களுக்கு இருக்கையை எடுத்து வைப்பது அன்றாட வேலை.

எளிதாகக் கழன்ற இருக்கைகள்

1948-ல் பிரான்சில் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி காரில் இருக்கைகள் குழாய்ச் சட்டத்தில் துணி கட்டிய எளிய அமைப்பாக இருந்தன. அவற்றை எளிதில் வெளியே எடுத்துவிடலாம். உழவர்கள் சுமை ஏற்ற இடம் செய்துகொள்ளவும், உலாப் போனவர்கள் புல்வெளியில் போட்டு அமரவும் அவை உதவின.

அக்கால எளிமையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருந்தது. பேட்டரியின் மேல் மூடியை வைக்காமல் இருக்கையைப் பொருத்தினால், மேலே ஆள் அமரும்போது மெத்தையின் இரும்புச் சுருள்கள் பேட்டரி முனைகளைத் தொட்டுத் தீப்பற்றக்கூடும். எடுத்ததை எடுத்தபடி திரும்ப வைக்க வேண்டும் என்ற பாடம் அங்கேயே தொடங்குகிறது.

இந்தியாவில் 1984-ல் வந்த மாருதி வேன், பிற்காலத்தில் ஆம்னி எனப் பெயர் பெற்றது. அதன் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருந்ததால், இருக்கையைத் தூக்கினால்தான் மெக்கானிக் வேலையைத் தொடங்க முடியும்.

இருக்கையின் பிடிப்புக்கு ஒரு சட்டம்

கார்களின் வேகம் கூடியபோது புதிய சிக்கல் எழுந்தது. மோதலில் இருக்கையே தரையிலிருந்து பிய்ந்து, அமர்ந்திருப்பவரோடு முன்னால் பாயக்கூடும். 1965-ல் ரால்ஃப் நேடர் கார்களின் பாதுகாப்புக் குறைகளை எடுத்துக்காட்டி எழுதிய நூல் அமெரிக்காவில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 1966-ல் அந்நாடு வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1968-ல் நடைமுறைக்கு வந்த விதிகளில் 207 என்ற எண்ணுடையது இருக்கைகளுக்கானது. இருக்கையும் அதன் பிடிப்பும் இருக்கையின் எடையைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது அது.

மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருக்கையின் எடை 20 கிலோ எனக் கொண்டால், 400 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையைப் பிடிப்பு தாங்க வேண்டும். இது வெறும் இருக்கைக்கான கணக்கு மட்டுமே.

வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-ல் உருவாக்கிய மும்முனை சீட் பெல்ட் பின்னர் உலகெங்கும் பரவியது. தொடக்கத்தில் பெல்ட் முழுவதும் காரின் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. பிற்காலக் கார்கள் பலவற்றில் பெல்ட்டை மாட்டும் கொக்கி இருக்கைச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டது. இதனால் மோதலின்போது ஆளின் உடல் தரும் விசையில் ஒரு பங்கும் இருக்கைப் போல்ட்டுகளின் மேல் விழுகிறது. போல்ட்டைச் சரியாக முடுக்காவிட்டால் அன்றாட ஓட்டத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். விபத்து நாளில்தான் தெரியும்.

காற்றுப்பையும் மின்கம்பிகளும்

ஏர்பேக் எனப்படும் காற்றுப்பைக்கு அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக் 1953-ல் காப்புரிமை பெற்றார். 1980-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் அதைத் தன் எஸ் வகைக் காரில் கொண்டுவந்தது. மோதல் நேரத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும் உடன் வந்தது. இரண்டும் சிறு வெடிமருந்தால் இயங்குபவை.

1994-ல் வால்வோ 850 கார் பக்கவாட்டுக் காற்றுப்பையை இருக்கையின் முதுகிலேயே வைத்தது. வெடிமருந்துள்ள ஒரு கருவி இருக்கைக்குள்ளேயே குடியேறியது அப்போதுதான். பின்னர் ஆள் அமர்ந்திருப்பதை அறியும் உணரிகளும் மெத்தைக்குள் வந்தன. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் காற்றுப்பையும், முன்வரிசையினருக்கான பெல்ட் நினைவூட்டியும் கட்டாயமாயின. இன்று சாதாரண விலைக் காரிலும் இருக்கைக்கு அடியில் மின்கம்பி ஓடுவது இதனால்தான்.

கழற்றுவதற்கென்றே அமைந்தவை

1984-ல் வந்த கிரைஸ்லர் மினிவேனிலும் பிரான்சின் ரெனோ எஸ்பாஸிலும் பின் இருக்கைகளை உரிமையாளரே எடுத்து வைக்கலாம். ஆனால் அவற்றின் எடை தொல்லையாக இருந்தது. 2005-ஆம் ஆண்டு மாடலில் கிரைஸ்லர், இருக்கைகளைத் தரைக்குள்ளேயே மடித்து வைக்கும் அமைப்பைத் தந்தது. எந்த இருக்கையை உரிமையாளர் எடுக்கலாம் என்பதை வாகனக் கையேட்டில் பார்த்து அறிய வேண்டும்.

இன்றைய செய்முறை

1. பழுதுநீக்கும் கையேட்டை முதலில் படிக்க வேண்டும். போல்ட்டின் முறுக்குவிசையும், பேட்டரியைத் துண்டித்தபின் காத்திருக்கும் நேரமும் காருக்குக் கார் வேறுபடும்.

2. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னுக்குத் தள்ளிப் பின் போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். மோட்டாரால் நகரும் இருக்கையானால் பேட்டரியைத் துண்டிக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிறகு இருக்கை நகராது.

3. சாவியை அணைத்து எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். காற்றுப்பைக் கருவியில் தேங்கிய மின்சாரம் வடிவதற்கே இந்த இடைவெளி.

4. அதன்பிறகே இருக்கையைச் சாய்த்து அடியிலுள்ள இணைப்பிகளைப் பிரிக்க வேண்டும். காற்றுப்பை இணைப்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றை மல்ட்டிமீட்டர் கொண்டு சோதிக்கக் கூடாது.

5. இருக்கையை இருவர் சேர்ந்து தூக்குவது நல்லது. காற்றுப்பை உள்ள பக்கம் தரையில் அழுந்தும்படி கிடத்தக் கூடாது.

6. திரும்ப மாட்டும்போது, பேட்டரி துண்டித்திருக்கும் நிலையிலேயே முதலில் இணைப்பிகளைச் சேர்க்க வேண்டும். பழைய போல்ட்டுகளையே அதனதன் இடத்தில் இட வேண்டும். புதியது போடும்படி கையேடு சொன்னால் அதே வகையைத்தான் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கையால் சில சுற்று ஏற்றிய பிறகு, டார்க் ரெஞ்ச் கொண்டு குறிப்பிட்ட அளவுக்கு முடுக்க வேண்டும். இருக்கையை நகர்த்த மின்சாரம் தேவையானால், எல்லா இணைப்பிகளும் சேர்ந்த பின்னரே பேட்டரியை இணைக்கலாம்.

7. பேட்டரியை இணைத்து முதன்முதலில் சாவியைத் திருப்பும்போது இருக்கையில் எவரும் அமர்ந்திருக்கக் கூடாது. காற்றுப்பை விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பணிமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. இருக்கை இருபுறமும் சரியாகப் பூட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இரண்டு

பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள இருக்கைக்கு முழுதும் மூடிய சாதாரண உறையைத் தைத்துப் போட்டால், பை விரியும் வழி அடைபடும். அதற்கென இடம்விட்டுத் தைத்த உறையையே வாங்க வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னையில் நேர்ந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய காரில், தரைவிரிப்பை உலர்த்த இருக்கையைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் இணைப்பிகளில் நீர் புகுந்து, போல்ட்டுகள் துருவேறியிருக்கும் நிலையில் அதை வீட்டில் செய்யாமல் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது.

மாடல் டி காலத்தில் மெத்தையைத் தவறாக வைத்தால் அமர்வது சற்றுச் சிரமமாக இருந்திருக்கும். இன்று இருக்கையைத் தவறாகப் பொருத்தினால், சீட் பெல்ட், காற்றுப்பை இரண்டும் காரில் இருந்தும் பயனற்றுப் போகலாம்.