பாடு டைரியும் ஆவாரம்பட்டையும்

பி.காம். படிக்கிற பையனுக்குத் தோலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தகுதிதான். ஒரு நல்ல தோல் உறையை என் கையாலேயே பாழாக்கியிருக்கிறேன்.

என் தாய்மாமா பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் இருக்கிறார். அவரிடம் ஒரு தோல் உறை உண்டு. உள்ளே இருக்கும் டைரி வருஷா வருஷம் மாறும், உறை மாறாது. நான் ஒண்ணாங் கிளாஸ் படிக்கும்போதே அது பழசு. இறால் விற்ற கணக்கு, வலைக்குச் செலவான கணக்கு, கடன் கொடுத்தது வாங்கியது எல்லாம் அதில்தான். முக்கியமாக, பாடு எழுதுவதும் அதில்தான்.

பாடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான், முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். ஊரில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவருக்குத்தான் அந்த முறையில் பங்கு. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். (எங்கள் மேனேஜ்மெண்ட் பாடப் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி கூட இல்லை!) ஊர்க் கணக்கு தனியாக உண்டு. ஆனாலும் மாமா தன் முறையைத் தானும் எழுதி வைப்பார். "போன தடவை யார் முறை" என்று பேச்சு தடித்தால் அந்த டைரி வெளியே வரும். ஒரு நாள் முறை தவறிப்போனால் வீட்டுக்கு எத்தனை ரூபாய் நஷ்டம் என்று மாமியைக் கேளுங்கள், ஆடிட்டரை விடச் சரியாகச் சொல்லுவார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. டைரி பரணில் இருந்ததால் தப்பித்தது. ஆனால் கூரை ஒழுகி உறை ஊறிப்போயிருந்தது. உதவி செய்யப் போன நான் என் அறிவைக் காட்டினேன். வெயில் வந்ததும் அதை மணலில் விரித்துக் காய வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் பலகை மாதிரி விறைத்துவிட்டது. சரி, எண்ணெய் போட்டால் இளகும் என்று தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவி மடக்கினேன். மடிப்பில் பட்டென்று வெடித்தது. மாமா வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. "என்னா மாப்ள, தோலக் கருவாடாக்கிட்டியே" என்றார். அது திட்டை விட மோசம்.

அதற்கப்புறம்தான் இது என்ன தோல், ஏன் இப்படி ஆனது என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால் கதை எங்கெங்கோ போகிறது.

முதல் விஷயம் மாமா வாயிலிருந்தே வந்தது. உறையை முகர்ந்து பார்த்து, "எங்கப்பா வலை போட்ட வாசனை" என்றார். நைலான் வருவதற்கு முன் வலையெல்லாம் பருத்தி நூல்தான். உப்புத் தண்ணீரில் நூல் சீக்கிரம் மக்கிவிடும். அதற்காக மரப்பட்டையைக் கொதிக்க வைத்த கஷாயத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் வலையை ஊறவைத்துக் காய வைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும். அதில் வேலை செய்வது துவர்ப்புச் சத்து. நூலை மக்க வைக்கும் கிருமிகளுக்கு அது ஆகாது. பச்சைத் தோல் அழுகாமல் தோலாக நிற்பதும் இதே துவர்ப்பால்தான். 1960களில் நைலான் வலை பரவியதும் பட்டைக் கஷாயம் மறைந்துபோனது. மாமாவுக்கு வாசனை மட்டும் மிச்சம்.

பழவேற்காட்டுக்கும் தோலுக்கும் வேறு சம்பந்தம் உண்டா என்று பார்த்தேன். 1610இல் இங்கே வந்து இறங்கிய டச்சுக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். இங்கிருந்து போனது பெரும்பாலும் துணிதான். ஆனால் அதே கம்பெனி ஜப்பானுக்குக் கொண்டுபோன சரக்கில் மான் தோல் முக்கியமானது, அதில் பெரும்பகுதி சயாமிலிருந்தும் தைவானிலிருந்தும் போனது. ஜப்பானில் கோஃபு என்ற ஊரில் மான் தோல்மேல் அரக்கு மெழுகிப் பூ வேலை செய்வார்கள். அதற்குப் பெயர் 'இந்தென்'. இந்தியாவிலிருந்து வந்த தோலைப் பார்த்து வந்த பெயர் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். அந்தத் தோல் நம் கரையில் ஏறியதா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கரைத் துணிக்கு ஜப்பானில் 'சாந்தோமே' என்று பெயர், அது நம்ம சாந்தோமேதான்.

நிற்க. மாமாவின் உறைக்கு வருவோம்.

வெட்டு ஓரத்தைப் பார்த்தேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே வெளிர் பழுப்பு. இது ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடைசியில் கடுக்காய் கொடுத்த தோல். வியாபாரத்தில் இதற்கு 'ஈஸ்ட் இந்தியா லெதர்', சுருக்கமாக ஈ.ஐ. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இந்தத் தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. பெரியமேட்டுக் கிடங்குகள் அந்த வியாபாரத்தில் வளர்ந்தவைதான். திண்டுக்கல், திருச்சிப் பக்கம் இன்றும் செய்கிறார்கள், புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆவாரம்பட்டைக்குப் பதில் வாட்டில் பட்டை வந்தது இருபதாம் நூற்றாண்டுக் கதை.

இப்போது நான் எதிர்பார்க்காத ஒரு இடம். நம் ஊர் ஆட்டுத்தோலுக்கு லண்டன் சந்தையில் 'பெர்ஷியன்' என்று பெயர். (பாரசீகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.) விலை மலிவு என்று அங்கே புத்தக பைண்டிங்குக்கு நிறைய வாங்கினார்கள். கொஞ்ச வருஷத்தில் நூலகங்களில் பழைய தோல் அட்டைகள் சிவந்து, தொட்டால் பொடியாக உதிர ஆரம்பித்தன. காரணம் கண்டுபிடிக்க சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு போட்டது. 1905இல் முழு அறிக்கை வந்தது. அதில் மிக மோசமானவற்றில் ஒன்று என்று பெயர் வாங்கியது நம் பெர்ஷியன் தோல்!

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு படித்துப் பார்த்தால் விஷயம் நியாயமாகத்தான் இருந்தது. துவர்ப்பில் இரண்டு ஜாதி. ஆவாரையும் வாட்டிலும் ஒரு ஜாதி. கடுக்காய், சுமாக் இலை இன்னொரு ஜாதி. முதல் ஜாதி வெளிச்சம் பட்டால் சிவக்கும். காற்றில் உள்ள கந்தகப் புகையை இழுத்துக்கொள்ளும், அது தோலுக்குள் அமிலமாக மாறி நாரை அரித்துவிடும். இரண்டாவது ஜாதி அந்த அளவுக்குக் கெடாது. ஆகவே கடைசியில் கடுக்காய் கொடுக்கும் நம் ஆட்கள் சும்மா கொடுக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் புகை எங்கிருந்து வந்தது? லண்டனில் எரித்த நிலக்கரியும் கேஸ் விளக்கும்தான். கேஸ் விளக்குப் புகை தோலைக் கெடுக்கிறது என்று 1840களிலேயே மைக்கேல் ஃபாரடே சொல்லியிருந்தார். அதாவது தோல் நம்முடையது, புகை அவர்களுடையது, கெட்ட பெயர் மட்டும் முழுக்க நமக்கு.

ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. இன்றைக்குப் பழவேற்காட்டுக்குத் தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் நிலக்கரி எரிக்கின்றன. தெற்குக் காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் புகை எந்தப் பக்கம் போகும் என்று திசை தெரிந்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம். தோல் உறையை ஜன்னல் ஓரத்தில் வைக்காதே, மூடிய பெட்டிக்குள் வை என்ற யோசனை லண்டனுக்கு மட்டுமானது இல்லை.

குரோம் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னையில் குரோம் உப்பு வைத்துத் தோல் பதனிட்டுப் பார்த்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு அந்தத் தோல் நன்றாக உழைத்தது, ஏனென்றால் அது தண்ணீருக்கும் சூட்டுக்கும் பட்டைத் தோலை விட அதிகம் தாங்கும். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். வாரக்கணக்கில் தொட்டியில் கிடக்க வேண்டிய தோல் ஓரிரு நாளில் தயார் என்றால் எந்த முதலாளி விடுவார்? பாலாற்றுக்கு அது என்ன செய்தது என்பது வேறு கதை. 1996 ஆகஸ்டில் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. இன்று கடையில் கிடைக்கும் டைரி உறைகளில் பெரும்பாலும் குரோம்தான், அல்லது தோலே இல்லாத ரெக்சின். வெட்டு ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் தோல். அதை நான் அன்று வெயிலில் போட்டிருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது.

பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால் நார் சுருங்கிக்கொள்ளும். சுருங்கிய நாரை எந்த எண்ணெயும் பழையபடி நீட்டாது. நனைந்த உறையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட விட்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும், ஆகட்டுமே. முழுக்கக் காய்வதற்குச் சற்று முன்னால் மெதுவாக மடித்து நீவினால் வடிவம் நிற்கும். எண்ணெய் என்றால் துணியில் ஒரு சொட்டுத் தொட்டுப் பூசுவது. நான் ஊற்றினது தலைக்கு. தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், தூசியைப் பிடிக்கும், உள்ளே இருக்கும் தாளில் கறையாக இறங்கும். பாடு எழுதின பக்கத்தில் எண்ணெய்க் கறை இறங்கினால் எழுத்துப் போயிற்று.

ஏரிக்கரைக்கென்று இரண்டு தொல்லை தனியாக உண்டு. ஒன்று உப்பு. காற்றில் வரும் உப்பு தோலில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் அவ்வப்போது துடைத்து உடனே நிழலில் உலர்த்த வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை வரும். மழைக்குப் பயந்து பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து இன்னும் அதிகம் வரும். பழைய வேட்டித் துணியே போதும். பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த பொருளுக்குப் பரவும். தோல் ஏற்கெனவே சிவந்து உதிர ஆரம்பித்துவிட்டால் ஈரத் துணி வேண்டாம், கருத்து விறைத்துவிடும்.

இன்னொன்று இரும்பு. மாமா டைரியில் ரசீதுகளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு இரும்பு கிளிப் வைத்திருப்பார். உப்புக் காற்றில் அது துருப்பிடித்த இடத்தில் தோலில் கருப்பாக ஒரு தழும்பு. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அது அழுக்கே இல்லை, மை! துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருப்பாகும். அந்தக் காலத்துக் கடுக்காய் மைக்கும் இதேதான் சூத்திரம். இத்தனை வருஷமாக மாமாவின் உறை தானாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பித்தளை கிளிப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

வெடித்த மடிப்பு வெடித்ததுதான். உள்பக்கமாக மெல்லிய பருத்தித் துணியை ஒட்டித் தையல் போட்டுக் கொடுத்தார் பொன்னேரியில் ஒரு செருப்புத் தைப்பவர். "பட்டைத் தோலு தம்பி, இப்பல்லாம் எங்க வருது" என்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊசி எடுத்தார். 60 ரூபாய் வாங்கினார். டைரியை உள்ளே செருகி மாமாவிடம் கொடுத்தேன். அவர் தையலைப் பார்க்கவே இல்லை. நேராக அன்றைய பக்கத்தைத் திருப்பி, நாளைக்கு யார் முறை என்று பார்த்தார்.